தற்செயல், ஊழ், தெரிவு: தமிழ்த் திரைக்கதையும் திருச்செங்கோட்டுக் கதைகளும்

திரைக்கதையில் நிகழ்வுகள் ஒன்றையடுத்து ஒன்று வருவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. நிகழ்வு தற்செயலாக வரலாம், முன்பே தீர்மானிக்கப்பட்டதாக இருக்கலாம், அல்லது ஒரு மனிதரின் தெரிவால் விளையலாம். தமிழ்த் திரைப்படம் மூன்றையும் தொடக்கம் முதலே பயன்படுத்தி வந்துள்ளது. ஆனால் இவற்றில் எது எந்த இடத்தில் வருகிறது என்பது உத்தி பற்றிய கேள்வி மட்டுமல்ல. நடந்த தீங்குக்கு யார் பொறுப்பு என்ற அறக் கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டைச் சுற்றி எழுந்த சில கதைகளையும் திரைப்படங்களையும் கொண்டு அக்கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்களும் வேறுபாடுகளும்

தற்செயல் என்பது நோக்கமின்றி இரு நிகழ்வுகள் ஒரே இடத்தில் சந்திப்பது. மழையால் விமானம் ரத்தாகி, முன்பின் அறியாத இருவர் ஒரே அறையில் தங்க நேர்வது தற்செயல். நியதிவாதம் என்பது எல்லா நிகழ்வுகளும் முந்தைய காரணங்களால் முன்னமே முடிவானவை என்னும் கொள்கை. தன்விருப்பம் அல்லது தெரிவு என்பது ஒருவர் வேறுவிதமாகவும் நடந்திருக்க முடியும் என்ற நிலையில் ஒன்றைத் தேர்ந்து செய்வது.

தமிழில் இவற்றோடு ஊழ், வினை, விதி ஆகிய சொற்களும் புழங்குகின்றன. விதி என்பது வெளியிலிருந்து எழுதப்பட்டது என்ற பொருளை ஏற்கிறது. வினை என்பது செய்தவரையே வந்தடைவது. ஊழ் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் சொல். பேச்சு வழக்கில் மூன்றும் ஒன்றாகிவிட்டாலும், கதையில் இவற்றின் வேறுபாடு முக்கியமானது. விதி என்றால் பாத்திரம் பொறுப்பிலிருந்து விடுபடுகிறது. வினை என்றால் பாத்திரமே பொறுப்பாகிறது.

மரபில் ஊழ்

ஊழை மறுக்க முடியாதது என்று முழுமையாக ஏற்ற சமயம் ஆசீவகம். மற்கலி கோசாலரின் நியதிக் கொள்கைப்படி மனித முயற்சியால் எதையும் மாற்ற முடியாது. மணிமேகலையும் நீலகேசியும் இக்கொள்கையை எடுத்துரைக்கின்றன. நீலகேசி அதனோடு வாதிடவும் செய்கிறது. ஆகவே நியதிவாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல, எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதும் அல்ல.

திருக்குறள் இவ்விரு நிலைகளையும் அருகருகே வைக்கிறது. அறத்துப்பாலின் இறுதி அதிகாரமான ஊழ், அதைவிட வலியது இல்லை என்கிறது. பொருட்பாலின் ஆள்வினை உடைமை அதிகாரம், சோர்வின்றி முயல்பவர் ஊழையும் பின்வாங்கச் செய்வார் என்கிறது. இதை முரண்பாடாகக் காண்பவர் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் வேறொரு நிலைப்பாடு தெரிகிறது. விளைவு நம் கையில் இல்லை, ஆனால் முயற்சி நம் கையில் உள்ளது என்பதே அது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில் ஆற்று வெள்ளத்தில் மிதந்து செல்லும் தெப்பம் வாழ்க்கைக்கு உவமையாகிறது. அப்பாடலும் செயலின்மையைப் பரிந்துரைக்கவில்லை. யாரையும் வியக்காதே, யாரையும் இகழாதே என்ற நடத்தை முறையில்தான் அது முடிகிறது.

சிலப்பதிகாரமும் செங்கோட்டு மலையும்

தமிழில் தற்செயலையும் ஊழையும் தெரிவையும் ஒரே கதையில் பின்னிய முதல் பெரும் படைப்பு சிலப்பதிகாரம். கண்ணகி விண்ணேறிய நெடுவேள் குன்றம் திருச்செங்கோடே என்று கொள்ளும் பழைய கருத்து ஒன்று உண்டு. பிற்கால ஆய்வாளர் பலர் தேனி மாவட்ட எல்லையிலுள்ள மங்கலதேவி கோட்டத்தைச் சுட்டுகின்றனர். இடம் எதுவாயினும், கொங்கு மக்களின் நினைவில் கண்ணகிக்கும் செங்கோட்டு மலைக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடவில்லை.

மதுரையில் கோவலன் சந்திக்கும் பொற்கொல்லனே அரசியின் சிலம்பைத் திருடியவன். இது முழுத் தற்செயல். அரசியின் ஊடலைத் தீர்க்க அரசன் விரைந்துகொண்டிருந்த நேரத்தில் வழக்கு வருவதும் தற்செயல். அந்த அவசரத்தில் விசாரணையின்றி ஆணை பிறக்கிறது. இளங்கோவடிகள் இதனை வினை விளைந்த காலம் என்று விளக்குகிறார். பின்னர் மதுரையின் காவல்தெய்வம் கண்ணகியிடம் முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது. கலிங்க நாட்டில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்ப்பழி கூறிக் கொல்வித்தவனே இப்பிறவியில் கோவலன். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபமே இத்துன்பத்துக்குக் காரணம்.

கவனிக்க வேண்டியது இந்த விளக்கம் எப்போது வருகிறது என்பதை. கண்ணகி அரசவையில் நீதி கேட்டு, சிலம்பை உடைத்து, உள்ளிருந்த பரல் முத்தல்ல, மாணிக்கம் என்று காட்டி, அரசன் தன் தவற்றை ஏற்று உயிர்விட்டு, நகரம் எரிந்த பின்னரே ஊழ்க்கதை சொல்லப்படுகிறது. அவைக்குள் நுழைந்தபோது கண்ணகியின் கையில் இருந்தது சான்று மட்டுமே. பாண்டியனும் ஊழைக் காரணம் காட்டவில்லை. தானே குற்றவாளி என்றான். காப்பியம் ஊழை நம்புகிறது, ஆனால் எந்த முக்கியப் பாத்திரமும் அதன் பின்னால் ஒளிந்துகொள்வதை அது அனுமதிக்கவில்லை. ஊழ் துன்பத்தை விளக்குகிறது, தவறு செய்தவரை விடுவிப்பதில்லை. தமிழ்த் திரைக்கதைகளை மதிப்பிட இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

1942-இல் ஜூபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி', இளங்கோவனின் உரையாடலில், பி. யு. சின்னப்பாவும் பி. கண்ணாம்பாவும் நடித்து வெளிவந்தது. 1964-இல் மு. கருணாநிதியின் திரைக்கதையில் பி. நீலகண்டன் இயக்கிய 'பூம்புகார்' வந்தது. பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்த திரைக்கதையாசிரியருக்கு ஊழ் ஒரு சிக்கலாக இருந்திருக்க வேண்டும். நீதி கேட்கும் காட்சியை உச்சமாக்கியதன் மூலம் படம் அச்சிக்கலைக் கடந்தது. பார்வையாளர் நினைவில் நிற்பதும் அந்த அவைக்காட்சிதான். நீலியின் சாபம் பலருக்கு நினைவிருப்பதில்லை.

டி. ஆர். சுந்தரமும் மாடர்ன் தியேட்டர்ஸும்

திருச்செங்கோட்டின் பெயரைத் தன் முதலெழுத்தில் கொண்டவர் திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய அவர், 1930-களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த அந்நிறுவனம், தொழிற்சாலைக்குரிய ஒழுங்கோடு நடத்தப்பட்டதற்காக அறியப்பட்டது. எதையும் தற்செயலுக்கு விடாத அந்தத் தளத்திலிருந்து வந்த கதைகள் பல தற்செயலைச் சுற்றியே அமைந்தவை.

1940-இல் சுந்தரம் இயக்கிய 'உத்தம புத்திரன்' அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். தமிழில் முதல் இரட்டை வேடப் படமாக இது குறிப்பிடப்படுகிறது. ஒரே முகமும் ஒரே பிறப்பும் கொண்ட இருவர் வெவ்வேறு சூழலில் வளர்கின்றனர். பிறப்பு மனிதனைத் தீர்மானிக்கிறதா, வளர்ப்பா என்ற கேள்வியை எளிய முறையில் எழுப்பும் அமைப்பு இது. இங்கே வளர்ப்பே வெல்கிறது. ஆனால் உத்தமனாக வளர்ந்தவனுக்கு ஆட்சி கிடைப்பது அவன் அரச ரத்தம் என்பதால்தான். பின்வந்த இரட்டை வேடப் படங்களில் பலவும் இதே தயக்கத்தைத் தொடர்ந்தன. குணம் வளர்ப்பால் வருகிறது என்று சொல்லிக்கொண்டே உரிமையைப் பிறப்பில் வைத்தன.

1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழுநீள வண்ணத் தமிழ்ப் படங்களில் முதலாவது. விறகுவெட்டி அலிபாபா குகையைத் திறக்கும் சொல்லைக் கேட்க நேர்வது தற்செயல். அதே குகையும் அதே சொல்லும் அண்ணன் காசிமுக்கும் கிடைக்கின்றன. பேராசையில் வெளியேறும் சொல்லை மறந்து அவன் உள்ளேயே சிக்குகிறான். தற்செயல் இருவருக்கும் ஒரே வாய்ப்பைத் தந்தது, விளைவைப் பிரித்தது குணம். நாட்டார் கதைகளின் பழைய ஞானம் இது. கதையில் மிகுதியான தெரிவுகளைச் செய்வது அலிபாபா அல்ல, பணிப்பெண் மார்ஜியானா. ஆபத்தை முதலில் உணர்ந்து செயல்படுபவளும் அவளே.

1950-இல் எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கி, கருணாநிதி உரையாடல் எழுதிய 'மந்திரி குமாரி' குண்டலகேசிக் கதையை அடிப்படையாகக் கொண்டது. காதலித்து மணந்த கணவன் தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துவந்திருக்கிறான் என்பதை அறியும் பெண், அவனை வலம் வருவதாகச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ளுகிறாள். மாதுரி தேவி நடித்த அந்தக் காட்சியில் மழையோ இடியோ தெய்வமோ குறுக்கிடவில்லை, பாறையும் சரியவில்லை. அவள் முடிவெடுக்கிறாள், செய்கிறாள். தீயவனைத் தண்டிக்கும் வேலையை விபத்துக்கு விட்டுவிடும் வழக்கம் வேரூன்றிய திரைமரபில் இக்காட்சி தனித்து நிற்கிறது. ஒரு பெண்ணின் செயலைச் செயலாகவே காட்டியதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

மாதொருபாகன்: ஒரு கதை, இரண்டு தொடர்ச்சிகள்

திரைக்கதையில் பிரியும் பாதை என்று சொல்லப்படும் உத்திக்குத் தமிழில் கிடைக்கும் ஆழமான எடுத்துக்காட்டு திரைப்படத்தில் இல்லை. அது திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட மூன்று நாவல்களில் இருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியரின் கதை அது. அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவின் பதினான்காம் இரவு அதன் மையம்.

நாவலில் குழந்தையின்மைக்குக் காரணம் தேடும் குடும்பம் முன்னோர் செய்த பாவங்களுக்கும் சாபங்களுக்கும் திரும்புகிறது. மலைமேல் உள்ள வறடிக்கல்லைச் சுற்றி வந்தால் பிள்ளைப்பேறு உண்டு என்ற நம்பிக்கைக்காக உயிரைப் பணயம் வைக்கும் சுற்றும் நடக்கிறது. இவையெல்லாம் ஊழின் மொழி. திருவிழா இரவில் முன்பின் அறியாத ஆடவன் தெய்வமாகக் கருதப்படுவது தற்செயலுக்குத் தெய்வத்தின் பெயர் சூட்டும் ஏற்பாடு. தெரிவு எங்கே வருகிறது என்பதில்தான் நாவலின் கூர்மை உள்ளது. காளி இசைவு தந்துவிட்டான் என்று பொன்னாவிடம் அவள் அண்ணன் முத்து சொல்கிறான். அது பொய். அவள் தானே முடிவெடுத்துப் போகிறாள், ஆனால் பொய்யான செய்தியின்மேல் எடுத்த முடிவு அது. அறியாமல் செய்த தெரிவு தெரிவாகுமா? அதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்? உண்மை அறிந்த காளி மரத்தடியில் நிற்கும் இடத்தில் நாவல் முடிகிறது.

2014-இல் 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என இரு தொடர்ச்சிகள் வெளிவந்தன. இவை ஒன்றையடுத்து ஒன்று வருபவை அல்ல. 'ஆலவாயன்' காளி இறந்துவிட்டதாகக் கொண்டு தொடர்கிறது. 'அர்த்தநாரி' அவன் காப்பாற்றப்பட்டதாகக் கொண்டு தொடர்கிறது. ஒரே கணத்திலிருந்து இரண்டு உலகங்கள் கிளைக்கின்றன. ஒன்றில் பொன்னா காளியில்லாத வீட்டில், தாய் வல்லாயி, மாமியார் சீராயி ஆகியோரின் துணையோடு வாழ்வைக் கட்டியெழுப்புகிறாள். மற்றதில் காளி உயிரோடிருந்தும் அவளோடு பேச மறுக்கிறான், அவன் மௌனமே தண்டனையாகிறது.

ஒருவன் உயிர் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் கணநேரத் தற்செயல். அது எப்படி விழுந்தாலும் பொன்னா தண்டனை பெறுகிறாள் என்பதை இரு நாவல்களும் சேர்ந்தே காட்டுகின்றன. ஒரு பாதையை மட்டும் படித்தவர் காளியின் சாவையோ கோபத்தையோ காரணமாகக் கருதக்கூடும். இரண்டையும் படித்தவர் காரணம் அதற்கும் அப்பால், ஒரு பெண்ணின் உடலைக் குறித்து மற்றவர்கள் கூடி முடிவெடுக்கும் முறையில் இருப்பதைக் காண்கிறார். பிரியும் பாதைக் கதையின் உயர்ந்த பயன் இதுதான். எது மாறுகிறது என்பதைவிட, எது மாறவில்லை என்பதை அது காட்டித் தருகிறது.

நாவலுக்கு எழுந்த எதிர்ப்பும், 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று ஆசிரியர் அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அறியப்பட்டவை. ஒரு நூலைப் படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்று அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. தெரிவைப் பற்றிய நாவல் ஒன்று வாசகரின் தெரிவைப் பற்றிய தீர்ப்பில் சென்று முடிந்தது.

ஒரு சிறு குறிப்பும் இங்கே பொருந்தும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி விண்ணேறுவது கோவலன் இறந்த பதினான்காம் நாள். மாதொருபாகனின் மைய இரவும் விழாவின் பதினான்காம் நாள். செங்கோட்டு மலையைக் கண்ணகியோடு இணைப்பவர்கள் இதில் ஒரு மறைபொருளைக் காணலாம். தொடர்பில்லாத இரண்டு எண்களைக் கண்டதும் மனம் கதை கட்டத் தொடங்குவதற்கு இதுவே சான்று. திரைக்கதை ஆசிரியர்கள் பயன்படுத்துவதும் மனத்தின் இந்தப் பழக்கத்தைத்தான்.

பிரியும் பாதைகள் திரையில்

போலந்து இயக்குநர் கீஷ்லோவ்ஸ்கி 1981-இல் எடுத்து, தணிக்கையால் முடக்கப்பட்டு 1987-இல் வெளிவந்த 'பிளைண்ட் சான்ஸ்' இவ்வகைப் படங்களுக்கு முன்னோடி. ஓடும் ரயிலைப் பிடிக்க ஓடும் இளைஞனின் வாழ்க்கை மூன்று விதமாக விரிகிறது. ஒன்றில் அவன் ஆளும் கட்சிக்காரன், இன்னொன்றில் அரசு எதிர்ப்பாளன், மூன்றாவதில் அரசியலிலிருந்து விலகிய மருத்துவன். 1998-இல் இங்கிலாந்தின் 'ஸ்லைடிங் டோர்ஸ்' படமும் ஜெர்மனியின் 'ரன் லோலா ரன்' படமும் வந்தன. முதலாவது ரயிலைப் பிடித்த பெண்ணும் தவறவிட்ட பெண்ணும் வாழும் இரு வாழ்க்கைகளைக் காட்டியது. இரண்டாவது 20 நிமிட ஓட்டத்தை மூன்று முறை நிகழ்த்திக் காட்டியது.

தமிழில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது ஒளிப்பதிவாளர் ஜீவா முதன்முதலாக இயக்கிய '12பி' (2001). வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் இளைஞன் 12பி பேருந்தைப் பிடித்தால் என்ன ஆகும், தவறவிட்டால் என்ன ஆகும் என்ற இரு கதைகள் இணையாகச் செல்கின்றன. ஒருவன் அலுவலகம் செல்கிறான், மற்றவன் மெக்கானிக் ஆகிறான். சென்னைப் பேருந்தின் எண்ணையே தலைப்பாக்கியது நல்ல தேர்வு. நகரத்து நடுத்தர வர்க்கத்து இளைஞர் எவருக்கும் தவறவிட்ட பேருந்தின் கசப்பு தெரியும். இரு கதைகளையும் பார்வையாளர் குழம்பாமல் தொடரும்படி நிகழ்த்திக் காட்டியதும் அக்காலத் தமிழ்ப் படத்துக்கு ஒரு துணிவு.

படத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. பேருந்து பிரித்துப் போடுவது முதன்மையாகக் காதலியைத்தான். வேலை கிடைத்தவனும் கிடைக்காதவனும் உலகத்தைப் பார்க்கும் விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. கீஷ்லோவ்ஸ்கியின் நாயகன் மூன்று பாதைகளில் மூன்று மனிதனாகிறான். அவன் காலத்து அரசியல் அவனிடம் மூன்று வெவ்வேறு விலைகளைக் கேட்கிறது. 12பி-யின் நாயகன் இரு பாதைகளிலும் ஒரே நல்ல பையன். ஒரு சம்பளத்தை இழந்தால் ஒரு மனிதனும் அவன் குடும்பமும் என்ன ஆவார்கள் என்ற கேள்வியை எழுப்பக்கூடிய அமைப்பைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அன்பே சிவம்: விபத்தும் விட்டுக்கொடுத்தலும்

சுந்தர் சி. இயக்கத்தில் கமல்ஹாசன் எழுதிய 'அன்பே சிவம்' (2003) முழுக்கத் தற்செயல்களால் ஆனது. மழையால் புவனேசுவரம் விமான நிலையத்தில் நல்லசிவமும் அன்பரசும் சந்திக்கின்றனர். வெள்ளமும் ரயில் விபத்தும் அவர்கள் பயணத்தை வளைக்கின்றன. பின்னோக்குக் கதையில் காதலியோடு வாழப் புறப்பட்ட நல்லசிவத்தைப் பேருந்து விபத்து சிதைக்கிறது. அந்த விபத்துக்குக் காரணமான நாயையே அவர் எடுத்து வளர்க்கிறார். இறுதியில் அன்பரசு மணக்கப்போகும் பெண் தான் காதலித்த பாலாவே என்று தெரிகிறது. இத்தனை தற்செயல்களை ஒரே கதை தாங்குமா என்ற ஐயம் நியாயமானது.

கதை அதைத் தாங்குகிறது. தற்செயல்கள் பாத்திரங்களைச் சிக்கலில் கொண்டுவிடுகின்றன, எந்தச் சிக்கலையும் தீர்ப்பதில்லை. நாயைக் குற்றம் சொல்லாமல் வளர்ப்பது தெரிவு. பாலாவைத் தேடிவந்தவன் யார் என்று சொல்லாமல் விலகுவதும் தெரிவு. அந்த விலகலுக்கு ஈடாகத் தொழிலாளரின் ஊதிய உயர்வுக்குக் கந்தசாமிப் படையாச்சியிடம் கையெழுத்து வாங்குவது, தனக்கு நேர்ந்த கொடிய தற்செயலைப் பிறருக்குப் பயன்படச் செய்யும் செயல். விபத்துக்கு யாரும் பொறுப்பல்ல, ஆனால் விபத்துக்குப் பின் எப்படி வாழ்வது என்பதற்கு அவரவரே பொறுப்பு. ஊழைப் பற்றிக் குறள் எடுத்த நிலைக்கு மிக அருகில் வரும் படம், தன்னை நாத்திகன் என்று சொல்லிக்கொள்ளும் பாத்திரத்தின் கதை என்பது கவனத்துக்குரியது.

தசாவதாரமும் சூப்பர் டீலக்ஸும்

இரு படங்கள் 2004 டிசம்பர் 26 சுனாமியைத் தற்செயலுக்கும் கடவுளுக்கும் இடையிலான வழக்காக எடுத்துக்கொண்டன. கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய 'தசாவதாரம்' (2008) ஒழுங்கின்மைக் கோட்பாட்டையும் வண்ணத்துப்பூச்சியின் சிறகசைவையும் சொல்லித் தொடங்குகிறது. 12-ஆம் நூற்றாண்டில் கடலில் எறியப்பட்ட கோவிந்தராசர் சிலை சுனாமியில் கரை ஒதுங்குகிறது. அதே கடல்நீரின் உப்பு கொடிய கிருமியை அழிக்கிறது. இங்கே சிக்கல் ஒன்று எழுகிறது. ஒழுங்கின்மைக் கோட்பாடு சிறு காரணங்கள் பெரிய விளைவுகளைத் தரும், அவற்றை முன்கூட்டிக் கணிக்க இயலாது என்று மட்டும் சொல்கிறது. விளைவுக்கு நோக்கம் உண்டு என்று அது சொல்வதில்லை. படமோ லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பேரலையைப் பெருந்தொகையினரைக் காத்த தீர்வாக மாற்றுகிறது. கடவுளின் திட்டமா, தற்செயலா என்று பார்வையாளரிடம் கேட்டுவிட்டு, எப்படியாயினும் கணக்கு சரியாகிவிட்டது என்ற நிறைவை அளிக்கிறது. தமிழகக் கடற்கரையில் உறவுகளை இழந்தவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாகவில்லை.

தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) இதே கேள்வியை வேறு விதமாகக் கையாள்கிறது. சுனாமியில் ஒரு சிலையைப் பற்றிக்கொண்டு பிழைத்த அற்புதம் அச்சிலையைக் கடவுளாக்கிச் சபை நடத்துகிறார். கிடைத்தது சிலை என்பதால் பக்தர், வேறு ஏதாவது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்ற ஐயத்தைப் படம் மெல்ல எழுப்புகிறது. தற்செயல் எப்படி நம்பிக்கையாகிறது என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு.

அதே படத்தில் பெண்ணை மிரட்டித் துன்புறுத்தும் காவல் அதிகாரி பெர்லினின் தலையில், சிறுவர்கள் மேலிருந்து எறிந்த தொலைக்காட்சிப் பெட்டி விழுந்து அவன் சாகிறான். அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் தரும் எடுத்துக்காட்டு இங்கே நினைவுக்கு வருகிறது. ஆர்கோஸ் நகரில் மிட்டிஸ் என்பவரின் சிலை, அவர் சாவுக்குக் காரணமானவன் மேலேயே விழுந்து அவனைக் கொன்றது. தற்செயலே ஆயினும் திட்டமிட்டதுபோல் தோன்றுவதால் இத்தகைய நிகழ்ச்சி மிகுந்த வியப்பைத் தரும் என்கிறார் அவர். குமாரராஜா அந்த வியப்பை நகைச்சுவையாக மாற்றுகிறார். ஆயினும் ஒரு குறை தங்குகிறது. அதிகாரத்தால் மிரட்டப்பட்ட தம்பதியர் அந்த அதிகாரத்தை எதிர்கொள்ள வேண்டிய கட்டத்தில் கூரையிலிருந்து தீர்வு விழுகிறது. பார்வையாளர் கைதட்டுகிறார், ஆனால் இத்தகைய அதிகாரியிடம் சிக்கும் எவருக்கும் தொலைக்காட்சிப் பெட்டி விழப்போவதில்லை. 'மந்திரி குமாரி'யின் மலையுச்சிக் காட்சி அறுபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த துணிவு இங்கே எடுக்கப்படவில்லை.

மாநாடு: மீளும் நாளில் பொறுப்பு

வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) ஒரே நாள் மீண்டும் மீண்டும் நிகழும் காலச்சுழல் கதை. முதலமைச்சரின் கொலையையும் அதைத் தொடரும் மதக்கலவரத்தையும் தடுக்க அப்துல் காலிக் முயல்கிறான். சுழல் அவனுக்குக் கிடைத்தது தற்செயல். அதே தற்செயல் கொலைத் திட்டத்தைச் செயல்படுத்தும் காவல் அதிகாரி தனுஷ்கோடிக்கும் கிடைப்பதுதான் கதையின் நல்ல திருப்பம். இருவருக்கும் ஒரே அறிவு, ஒரே வாய்ப்பு. அலிபாபாவும் காசிமும் ஒரே குகைக்குள் நின்ற நிலை இது. நாளைத் திரும்ப வாழும் வாய்ப்பு நல்லவனை மட்டும் தேடி வருவதில்லை என்று காட்டியதால், தீர்மானிப்பது வாய்ப்பு அல்ல, அதை ஏந்தியவர் என்ற கருத்து உறுதிப்படுகிறது. பொய்யாகப் பழிசுமத்தப்படும் சமூகத்தைச் சேர்ந்தவனை நாயகனாக்கியதால், கலவரங்கள் விதியால் அல்ல, திட்டத்தால் நடப்பவை என்பதையும் படம் சொல்லிவிடுகிறது.

மதிப்பீடு

தற்செயலால் சிக்கலைத் தொடங்கலாம், தற்செயலால் முடிக்கக் கூடாது என்பது திரைக்கதை பயில்வோருக்குச் சொல்லப்படும் பாடம். மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் அப்பாடம் உத்தி சார்ந்தது மட்டும் அல்ல என்று காட்டுகின்றன. முடிவைத் தற்செயலிடம் விடும் கதை, தீங்கு செய்தவரையும் தீங்கைத் தாங்கியவரையும் ஒருங்கே செயலற்றவர்களாக்குகிறது. முடிவை விதியிடம் விடும் கதை, துன்பப்படுபவரிடமே அதற்கான காரணத்தைத் தேடச் சொல்கிறது. குழந்தையில்லாத பொன்னாவிடம் முன்னோர் சாபத்தைப் பேசியது அத்தகைய கதைதான். 1984-இல் வந்த 'விதி' படம் அப்பெயரைச் சூடிக்கொண்டே, ஏமாற்றப்பட்ட பெண்ணை நீதிமன்றத்தில் ஏற்றியது. அப்படம் பரவலாக வரவேற்கப்பட்டதற்கு அந்த மறுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழ் மரபு ஊழை நம்பும் மரபு, ஆகவே தமிழ்ப் படங்கள் விதியை நாடுவது இயல்பு என்ற கருத்து பரவலாக உண்டு. சிலப்பதிகாரத்தை மீண்டும் படித்தால் அது சரியன்று என்பது தெரியும். ஊழை மிக உறுதியாகச் சொன்ன காப்பியமே பொறுப்பையும் மிக உறுதியாகக் கேட்டது. தற்செயல்களை நிறையப் பயன்படுத்தியது தமிழ்த் திரைக்கதையின் குறையல்ல. அவற்றுக்குப் பின் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று காட்டாமல் விட்டதே குறை.

திருச்செங்கோட்டு மலைப்பாதையில் அறுபதாம்படி என்ற இடம் உண்டு. வழக்குள்ளவர்கள் அப்படிகளில் நின்று சத்தியம் செய்து பூசலைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் முன்பு இருந்தது. அங்கே நின்றவர் தன் ஊழையோ கிரகத்தையோ சாட்சிக்கு அழைக்கவில்லை. தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல திரைக்கதை தன் பாத்திரங்களை, எத்தனை தற்செயல்களைக் கடந்து வந்தாலும், கடைசியில் அத்தகைய ஒரு படியில் நிறுத்துகிறது.